அரை மில்லிமீட்டர் அங்குலம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரை வட்டத்தில் உள்ள கல்லாவியும் அதைச் சூழ்ந்த ஊர்களும், திரௌபதி அம்மன் வழிபாடு வேரூன்றிய வடதமிழ்நாட்டு நிலப்பரப்பைச் சேர்ந்தவை. பாரதக் கதைப் படிப்பும் தெருக்கூத்துமாகப் பல நாள் நடக்கும் அவ்வழிபாட்டு விழாவின் நிறைவில், படுகளம் எனப்படும் வெளியில் மண்ணைக் குவித்து, ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு நீளமுள்ள துரியோதனன் உருவத்தை மல்லாந்து கிடக்கும் நிலையில் அமைப்பார்கள். வீமன் வேடம் பூண்டவர் அதன் தொடையைக் கதையால் அடித்துப் பிளக்க, அங்கே வைக்கப்பட்டுள்ள செந்நீரைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிப்பதுடன் சடங்கு நிறைவுறும். அத்தனை பெரிய உருவத்துக்கு உள்ளே கழியோ கம்பியோ தேவைப்படுவதில்லை; அது படுத்திருப்பதால் அதன் எடை முழுவதையும் தரையே தாங்கிக்கொள்கிறது. அதே மண்ணில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு வீரனைச் செய்து, ஒற்றைக் காலில் நிற்கவைத்து, கையில் வாளைக் கொடுத்தால், வாள் முதலில் விழும், பின்பு கை விழும், காய்வதற்குள் கணுக்கால் ஒடிந்துவிடும். உருவம் சிறிதாவதால் வேலை எளிதாகிவிடும் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு இந்த ஒப்பீடே போதும்.

உள்ளங்கைக்குள் அடங்கும் உருவங்களைச் செய்வது உலகெங்கும் இன்று ஒரு தனிக் கலையாக வளர்ந்துள்ளது. அதன் ஒரு கிளை வரலாற்று வீரர்களையும் மற்றொரு கிளை இயற்கையில் இல்லாத உயிர்களையும், அதாவது பறக்கும் நாகம், குள்ள வீரர், அரக்கர், மந்திரவாதி போன்ற கற்பனை மாந்தரையும் விலங்குகளையும் உருவாக்குகிறது. முதற்கிளையின் வேர் பொம்மைச் சிப்பாய்களில் இருக்கிறது. 1893இல் இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியது, அவற்றின் 54 மில்லிமீட்டர் உயரம் இன்றளவும் ஓர் அளவுகோலாக நிலைத்துவிட்டது. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் இத்தகைய சிப்பாய்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கு விதிநூலே எழுதினார். கற்பனைக் கிளைக்கு உரமிட்டது 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற கதைமாந்தர் விளையாட்டு. ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் தம் பாத்திரத்தைக் குறிக்க ஓர் உருவம் தேவைப்பட்டதால், 25 முதல் 32 மில்லிமீட்டர் வரையிலான சிற்றுருவங்களைச் செய்வது ஒரு தொழிலாகவே மாறியது.

தமிழில் பொம்மை, தெலுங்கில் பொம்ம, கன்னடத்தில் கொம்பெ என்று மூன்று மொழியும் கலந்து புழங்கும் இந்த எல்லைப் பகுதிக்குச் சிற்றுருவம் அந்நியமான பொருள் அன்று. ஓசூரைக் கடந்து பெங்களூருக்கு அப்பால் உள்ள சன்னபட்டணத்தில், வெட்பாலை மரத்தைக் கடைசலிட்டு, சுழலும்போதே அரக்கு வண்ணம் ஏற்றிச் செய்யும் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. ஆனால் கடைசல் பொறியிலிருந்து பிறப்பவை யாவும் உருண்டையின், உருளையின் உறவினர்கள். இடப்பக்கம் ஒருவிதமும் வலப்பக்கம் வேறுவிதமுமாகத் திரும்பி உறுமும் விலங்கை அது தராது. இம்மாவட்டத்தின் நடுகற்களிலோ, வில்லேந்தியும் வாளேந்தியும் நிற்கும் வீரர்கள் கற்பலகையின் முகப்பில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு முதுகு என்ற ஒன்று இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கப்படும் சிற்றுருவத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது முழுமையாக இருந்தாக வேண்டும், அதற்கேற்ற பொருளும் கிடைக்க வேண்டும்.

அந்தப் பொருள்தான் பாலிமர் களிமண். பெயரில் களிமண் இருந்தாலும் அதில் மண் என்று சொல்லத்தக்கது பெரிதாக ஒன்றும் இல்லை; தண்ணீர்க் குழாய்கள் செய்யப் பயன்படும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கின் மிக நுண்ணிய துகள்களும், அவற்றை இளக்கிக் குழைவாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற ஒரு திரவமும், நிறமிகளும், நிரப்புப் பொடிகளும் சேர்ந்த கலவையே அது. அந்தத் திரவத்தை இளக்கி என்று குறிப்பிடலாம். சாதாரண வெப்பநிலையில் துகள்கள் இளக்கியில் ஊறிக் கிடக்குமேயன்றி ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை, ஆதலால் கலவை மாவுபோல் வளைந்துகொடுக்கும். வெப்பம் 100 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது துகள்கள் இளக்கியை உள்ளிழுத்து வீங்கி, ஒன்றோடொன்று உருகிக் கலந்து, ஆறியபின் சற்றே வளையும் தன்மையுள்ள கெட்டியான பிளாஸ்டிக் ஆகிவிடுகின்றன. குயவரின் சூளையில் நிகழ்வதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பொருள் கெட்டியாவது நீர் வற்றுவதால் அன்று, உள்ளே இருந்த திரவம் இடம் மாறுவதால்.

இப்பொருளின் பிறப்பு வரலாற்றில் இரண்டு கிளைகள் உள்ளன. செருமானிய பொம்மைக் கலைஞர் கேத்தே குருசேயின் மகள், ஃபிஃபி என்று அழைக்கப்பட்டவர், பொம்மைத் தலைகளுக்கேற்ற ஒரு பொருளைத் தேடிச் செய்த முயற்சிகளிலிருந்து வளர்ந்த கலவை 1964இல் எபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனத்தின் கைக்கு மாறி, ஃபீமோ என்ற பெயரில் உலகச் சந்தைக்கு வந்தது. அமெரிக்கக் கிளையின் கதை இன்னும் விந்தையானது: மின்மாற்றியின் உள்ளிருந்து வெப்பத்தை வெளியே கடத்தும் பொருளாக உத்தேசிக்கப்பட்ட ஒரு கலவை அந்த வேலைக்கு உதவாமல் போய், 1960களில் ஸ்கல்பி என்ற பெயரில் கைவினைப் பொருளாக மறுபிறவி எடுத்தது. தொழிற்சாலையில் தோற்றது சிற்பியிடம் வென்றது என்பதை, ஆலைகள் நிறைந்த ஓசூர் வட்டாரத்தினர் ரசிக்கக்கூடும்.

இதை மண்ணோடும் மெழுகோடும் ஒப்பிட்டால்தான் அதன் சிறப்பு விளங்கும். ஏரி மண்ணில் செய்த உருவம் காயும்போது நீர் வெளியேறிச் சுருங்குகிறது, சுடும்போது மேலும் சுருங்குகிறது. மெல்லிய வாலும் தடித்த உடலும் ஒரே வேகத்தில் சுருங்காமையால் இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விழுகிறது. சுவாமிமலைச் செப்புத்திருமேனி மரபில் தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து செய்யும் மெழுகுரு, மண்ணைவிட நுணுக்கத்தைத் தாங்கும். ஆயினும் அது உலோகத்துக்கு வழிவிட்டு உருகியோடுவதற்கென்றே பிறந்தது. பாலிமர் களிமண்ணில் ஆவியாக நீரே இல்லாததால் அது காய்வதில்லை, சுருக்கமும் மிகச் சொற்பம். இன்று இரவு அரை மணி நேரம் செய்து, மூடி வைத்துவிட்டு, பத்து நாள் கழித்து விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். ஓசூரிலும் போச்சம்பள்ளிப் பக்கத்திலும் உள்ள ஆலைகளில் ஷிப்டு முறையில் வேலை செய்து, கம்பெனிப் பேருந்தில் வீடு திரும்புபவரின் ஓய்வு நேரம் துண்டு துண்டாகவே கிடைக்கும். குயவரின் மண்ணோ ஈரம் இருக்கும் நேரத்துக்கெல்லாம் ஆளைத் தன் அருகிலேயே கட்டிப்போடும். காத்திருக்கத் தெரிந்த பொருள் என்பதே, இக்கலை முழுநேரச் சிற்பிகளுக்கு வெளியே இவ்வளவு பரவியதற்கு முதன்மையான காரணம் என்று தோன்றுகிறது.

பொருள் காத்திருந்தாலும் அளவு விட்டுக்கொடுக்காது. தமிழ்ச் சிற்ப மரபு உருவத்தின் உயரத்தைத் தாலம் என்ற அலகால் பகுக்கிறது. தாலம் என்பது முகத்தின் நீளத்தை அடிப்படையாகக் கொண்டது. ஒரு தாலத்துக்கு 12 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 8 யவை. இந்த அங்குலம் அடிக்கோலில் உள்ள அங்குலம் அன்று, உருவம் பெரிதானால் பெருகிச் சிறிதானால் குறுகும் ஒப்பளவு. நவதாலம் என்னும் ஒன்பது முக அளவில் உருவத்தின் உயரம் 108 அங்குலம். தெய்வ வடிவங்களில் உயர்ந்தவற்றுக்குரிய உத்தம தசதாலத்தில் அது 124 அங்குலம். விநாயகருக்கு ஐந்து தாலம், பூதகணங்களுக்கு நான்கு. மேலைநாட்டுக் கற்பனைக் கதைகளின் குள்ள வீரரைச் செய்ய முனையும் தமிழ்க் கைவினைஞர் அயல்நாட்டு அளவு வரைபடத்தைத் தேட வேண்டியதில்லை, ஏதேனும் ஒரு பழைய கோயிலின் தாங்குதளத்தில் வயிறு பருத்துக் கிடக்கும் பூதகணத்தை உற்றுப் பார்த்தாலே போதும்.

இந்தக் கணக்கை 54 மில்லிமீட்டர் உருவத்துக்குப் பொருத்தினால் ஓர் அழகிய பொருத்தம் கிடைக்கிறது. 108 அங்குலம் 54 மில்லிமீட்டர் ஆகும்போது, முகம் 6 மில்லிமீட்டர், ஓர் அங்குலம் சரியாக அரை மில்லிமீட்டர், ஒரு யவை ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. அந்தக் கடைசி அளவு ஏறக்குறைய தலைமுடியின் தடிமன். ஆறடிச் சிலையில் உதட்டோரத்துக்கும் கண்ணிமைக்கும் யவைக் கணக்குப் பார்க்கும் சிற்பியின் துல்லியம், இங்கே ஊசி முனைக்கும் எட்டாத இடத்துக்குப் போய்விடுகிறது. அளவின் இலக்கணம் அங்குலம் வரை துணைக்கு வரும், அதற்குக் கீழே கண் மட்டுமே துணை. 1980களில் ஓசூரில் தொடங்கிய டைட்டன் கடிகார ஆலை, இந்தப் பகுதியின் ஒரு தலைமுறைக்கு மில்லிமீட்டரின் பின்னங்களைக் கையாளக் கற்றுக்கொடுத்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் கை நடுங்காமல் வேலை செய்யும் அந்தப் பழக்கம் சிற்றுருவக் கலைக்கும் மூலதனம்தான்.

அளவை வேண்டுமென்றே மீறும் ஒரு வழக்கமும் உண்டு. விளையாட்டுக்கான 28 மில்லிமீட்டர் உருவங்களில் தலையும் கைகளும் ஆயுதங்களும் இயல்பைவிடப் பெரிதாகச் செய்யப்படுகின்றன. மேசைக்கு அப்பால் நிற்பவருக்கு முகம் முகமாகத் தெரிய வேண்டும் என்பதும், மெல்லிய வாள் ஒடிந்துவிடக் கூடாது என்பதும் அதற்குக் காரணங்கள். உயரத்தில் நிற்கும் சுதை உருவங்களைக் கீழிருந்து பார்ப்பவரின் கண்ணுக்கேற்பப் பெரிதாக்கும் கோபுரச் சிற்பிக்கு இது புதிய செய்தி அன்று. செங்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு வடிக்கும் அச்சுதை வேலைக்கும், கம்பியின் மேல் பாலிமர் களிமண் அப்பும் வேலைக்கும் உள்ள உறவு வெறும் உவமை அன்று. இரண்டிலும் உருவம் உள்ளிருந்து வெளியே வளர்கிறது. கருங்கல் சிற்பிக்கு வேலை நேர்மாறானது. இம்மாவட்டத்தின் கிரானைட் குவாரிகளில் வெட்டியெடுக்கும் பாளத்தில் தவறாக விழுந்த ஓர் உளியடியைத் திரும்பப் பெற முடியாது, களிமண்ணில் பிழையை வழித்து எடுத்துவிட்டு மீண்டும் அப்பலாம்.

எந்தக் கற்பனை உயிரைச் செய்வது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் இயல்பாக வரும் விடை யாளி. சிங்கத்தின் உடலும் பிதுங்கிய கண்களும் கொண்டு, சில இடங்களில் யானையின் துதிக்கையும் தந்தமும் பெற்று, பின்னங்கால்களில் எழுந்து நின்று பாயும் இவ்விலங்கு, சாளுவன்குப்பத்துப் புலிக்குகையின் முகப்பில் தலைகளின் வளையமாகத் தோன்றுகிறது. விசயநகர, நாயக்கர் கால மண்டபங்களில் தூண்களாகவே ஓங்கி நிற்கிறது. கல்லாவிப் பகுதியினருக்கு எட்டும் தொலைவில் வேலூர்க் கோட்டையின் சலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபம் இதற்குச் சிறந்த பாடசாலை. அங்கே ஒரு தூணைச் சுற்றி நின்று, பாயும் விலங்கின் எடை எந்தக் காலில் இறங்குகிறது, முதுகெலும்பு எந்த இடத்தில் வளைகிறது என்பதைக் குறித்துக்கொள்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

யாளியைப் பற்றி உடற்கூற்று நோக்கில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. மேலைநாட்டு டிராகனுக்கு நான்கு காலும் இரண்டு சிறகும் வழங்குவது பரவலான வழக்கம், ஆக மொத்தம் ஆறு உறுப்புகள். ஆனால் முதுகெலும்புள்ள எந்த விலங்குக்கும் நான்குக்கு மேல் இல்லை, பறவையின் சிறகே அதன் முன்னங்கால்தான். ஆகவே டிராகன் செய்யும் சிற்பி இயற்கையில் இல்லாத இரண்டாவது தோள்பட்டையை முதுகில் எங்கோ ஒளித்து வைத்தாக வேண்டும், பலருடைய டிராகன்கள் ஒட்டவைத்த சிறகுகளோடு நிற்பது அதனால்தான். யாளிக்கு அந்தச் சங்கடம் இல்லை. அதன் நான்கு கால்களும் சிங்கத்துடையவை, அயலாக வருபவை துதிக்கையும் தந்தமும் மட்டுமே, அவையும் மூக்கும் பல்லும் இருக்க வேண்டிய இடங்களிலேயே வருகின்றன. இல்லாத விலங்கை இருப்பதாக நம்பவைப்பது எலும்பு என்பதை நம் சிற்பிகள் அறிந்திருந்தார்கள் என்று இதைக் கொண்டு சொல்வது மிகையாகாது.

வேலை ஒரு வரைபடத்தில் தொடங்குகிறது. உருவம் எந்த அளவில் அமையப்போகிறதோ அதே அளவில் முன்தோற்றமும் பக்கத்தோற்றமும் தாளில் வரைந்து, அதன்மேல் கம்பியை வைத்து வளைப்பதே நடைமுறை, ஏனெனில் சிறிய அளவில் கண்மதிப்பு எளிதில் ஏமாற்றும். கம்பிச்சட்டம் எனப்படும் இந்த உள் எலும்புக்கூட்டுக்கு, பெரிய உருவமானால் அலுமினியக் கம்பியும், இரண்டு மூன்று அங்குல உருவமானால் மெல்லிய செம்பு அல்லது பித்தளைக் கம்பியும் பொருந்தும். வழவழப்பான ஒற்றைக் கம்பியில் களிமண் பிடிக்காமல் வழுக்கிச் சுழலும், ஆகவே இரண்டு இழைகளை முறுக்கிப் பயன்படுத்துகிறார்கள். முறுக்கின் பள்ளங்களே களிமண்ணுக்குப் பிடிமானம். பின்னங்கால்களின் கம்பிகள் பாதத்தைத் தாண்டிக் கீழே நீண்டு ஒரு தக்கைக்குள்ளோ மரக்கட்டைத் துளைக்குள்ளோ இறங்க வேண்டும். வேலை நடக்கும் வாரங்கள் முழுவதும் கை பிடிப்பது அந்தக் கட்டையைத்தான், உருவத்தை அன்று.

யாளியின் மார்பு, தொடை போன்ற தடித்த பகுதிகளைக் களிமண்ணாலேயே நிரப்புவது வீண்செலவு மட்டுமன்று, கேடும்கூட. தடித்த இடத்தின் நடுப்பகுதிக்கு வெப்பம் தாமதமாகவே சேரும். உள்ளே சிக்கிய காற்று விரிந்து மேற்பரப்பைக் கொப்பளிக்கச் செய்யும். சமையலறையில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைக் கசக்கி, இறுக்கி, கம்பியின் மேல் சுற்றிவிட்டால் எடையும் குறைகிறது, வெப்பமும் சீராகப் பரவுகிறது. சிலர் கம்பிச்சட்டத்தின் மேல் முதற்பூச்சாக எப்பாக்சிப் பசைமாவைத் தடவுகிறார்கள். இரண்டு பகுதிகளைச் சேர்த்துப் பிசைந்தால் சில மணி நேரத்தில் தானாகவே இறுகும் இந்த மாவு, கம்பி அசையாமல் பிடித்துக்கொள்கிறது. குழாய்க் கசிவை அடைக்க ஹார்டுவேர் கடையில் விற்கும் எம்-சீல் இவ்வினத்தைச் சேர்ந்ததே. மிக மெல்லிய வாள், கொம்பு, விரல் ஆகியவற்றை முழுவதுமாக எப்பாக்சியிலேயே செய்துவிடுவோரும் உண்டு, பாலிமர் களிமண்ணைவிட அது ஒடியாமல் தாங்கும்.

களிமண்ணை உறையிலிருந்து எடுத்த உடனே பயன்படுத்தக் கூடாது. இளக்கி சீராகப் பரவும்வரை பரோட்டா மாவைப்போல் மடித்து மடித்துப் பிசைய வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட களிமண் சுட்டபின் மடிப்பு இருந்த இடத்தில் பிளக்கும். இங்கே ஊரின் தட்பவெப்பம் குறுக்கே வருகிறது. மேட்டு நிலமான ஓசூரின் குளிர்ந்த காலையில் கல்லாகக் கிடக்கும் அதே களிமண், தாழ்ந்த சமவெளியான கல்லாவியின் சித்திரை வெயிலில் வெண்ணெயாகிவிடும். தகரக் கூரையின் கீழோ நிறுத்தி வைத்த வண்டிக்குள்ளோ விட்டுவிட்டால், அடுப்பைப் பார்க்காமலேயே அது பாதி வெந்து பொடிப்பொடியாக உதிரத் தொடங்கும். மிகவும் இளகிய களிமண்ணை இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு இடையே தட்டி வைத்தால் தாள் இளக்கியின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும், அப்பளம் பொரித்த எண்ணெயைச் செய்தித்தாள் உறிஞ்சுவதைப்போல. தெர்மாகோல் பெட்டியில் இதை வைப்பது தவறு; இளக்கி அந்தப் பொருளையே கரைத்துப் பெட்டியின் சுவரைக் களிமண்ணோடு ஒட்டவைத்துவிடும். மெல்லிய பாலிதீன் உறையில் அந்தத் தொல்லை இல்லை.

கருவிகள் பெரும்பாலும் வேறு தொழில்களிலிருந்து இரவல் பெற்றவை. பல் மருத்துவர் பயன்படுத்தும் வளைந்த எஃகுக் கருவி, கட்டையில் செருகிய தையல் ஊசி, முனை உருண்ட ஆணி, ரப்பர் முனைத் தூரிகை என்று நான்கைந்து இருந்தால் போதும். நன்கு கற்றவர் முதலில் தசையின் திரட்சிகளை மட்டும் அப்பி, உருவத்தைத் தள்ளி வைத்து நிழலுருவைப் பார்க்கிறார். கறுப்புக் கோட்டுருவாகப் பார்க்கும்போதே பாய்ச்சல் தெரியாவிட்டால், செதிலும் பிடரியும் சேர்த்து அதைக் காப்பாற்ற முடியாது. தொடங்குபவர் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: கண்ணையும் பல்லையும் முதல் நாளே செய்து முடித்து, அந்த அழகிய முகத்தை இழக்க மனமில்லாமல் கோணலான கழுத்தோடு வாழப் பழகிவிடுகிறார்கள். விலங்கின் பின்னங்காலில் பின்புறமாக மடங்குவது முழங்கால் என்று நினைப்பது இன்னொரு பொதுவான பிழை. அது உண்மையில் குதிகால், முழங்கால் அதற்கு மேலே வயிற்றின் அருகில் இருக்கிறது. நாய் ஒன்று உட்கார்ந்து எழுவதைக் கவனித்தாலே தெளியும்.

பிடரிமயிரைத் தனித்தனி இழையாகக் கீறுவதைவிட, சிற்பிகள் கல்லில் செய்ததுபோல் சுருள்சுருளாகத் திரட்டி அமைப்பதே இந்த அளவில் நன்றாக எடுபடுகிறது. அரை மில்லிமீட்டர் இடத்தில் இயல்பைப் போலி செய்ய முயல்வதைவிட வடிவமைப்பாக மாற்றிவிடுவது அறிவுடைமை என்பதை மண்டபத் தூண்கள் முன்பே காட்டியிருக்கின்றன. செதில்களுக்கு, மருந்தேற்றும் ஊசியின் மழுங்கிய வாயை அரைவட்டமாக அழுத்தினால் போதும். கைரேகை படிந்த மேற்பரப்பை ஐசோபுரோப்பைல் ஆல்ககால் தொட்ட மென்தூரிகையால் நீவிச் சீராக்குகிறார்கள். தலை முடிந்தவுடன் அதை மட்டும் ஒரு முறை சுட்டுக் கெட்டியாக்கிவிட்டு, பிறகு உடலைத் தொடுவது வழக்கம். சுட்ட பகுதியின் மேல் புதிய களிமண்ணைச் சேர்த்து ஒரே உருவத்தைப் பல முறை சுடலாம் என்பது இப்பொருளின் பெருங்கொடை. குயவருக்கு இது கிட்டாது.

சுடுவதற்குச் சூளை வேண்டாம், வீட்டில் கேக் செய்யும் மின்னடுப்பு போதும். ஃபீமோவுக்கு 110 டிகிரி செல்சியசில் அரை மணி, ஸ்கல்பிக்கு 130 டிகிரியில் ஒவ்வொரு 6 மில்லிமீட்டர் தடிமனுக்கும் 15 நிமிடம் என்று தயாரிப்பாளர்கள் உறையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். சிக்கல் அடுப்பின் திருகில் இருக்கிறது. சிறிய அடுப்புகளில் திருகு காட்டும் எண்ணும் உள்ளே நிலவும் வெப்பமும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. தனியாக ஒரு வெப்பமானியை உள்ளே வைக்காமல் சுடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதாகும். வெப்பம் குறைந்தால் உருவம் வெளியே கெட்டியாகத் தோன்றினாலும் துகள்கள் முழுமையாகப் பிணையாமல், சில மாதங்களில் வால் முதலில் உதிரும். வெப்பம் மிக அதிகமானால் பி.வி.சி. சிதைந்து, மூக்கையும் கண்ணையும் எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும். அப்போது அடுப்பை அணைத்து, சன்னல்களைத் திறந்து, வெளியே போய்விடுவதே செய்யத்தக்கது. மைக்ரோவேவ் அடுப்பு இதற்கு அறவே ஆகாது. உணவுக்குப் பயன்படுபவற்றைத் தவிர்த்து, அடுப்பு, கத்தி, தட்டு ஆகியவற்றை இதற்கெனத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது, சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அது கட்டாயம்.

இளக்கிகளைப் பற்றிய கவலை ஆதாரமற்றதன்று. பி.வி.சி.யை இளக்கப் பயன்பட்ட தாலேட்டு வகை வேதிப்பொருள்களில் சிலவற்றைக் குழந்தைகளின் பொம்மைகளில் கட்டுப்படுத்தி ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் விதி இயற்றியது. பெயர்பெற்ற தயாரிப்பாளர்கள் தாலேட்டு இல்லாத கலவைகளுக்கு மாறியிருக்கிறார்கள். ஆயினும் என்ன கலந்தது என்று உறையில் அச்சிடாத மலிவான களிமண்ணை வாங்கிப் பிள்ளைகளின் கையில் கொடுப்பது சிக்கனம் ஆகாது. படுகளத்துத் துரியோதனன் அடுத்த மழையில் நிலத்தோடு கலந்துவிடுவான், பச்சை மண் விநாயகர் நீரில் கரைந்துவிடுவார், பாலிமர் யாளியோ பிளாஸ்டிக்காகவே நெடுங்காலம் கிடக்கும். ஆகவே தூக்கியெறியப்படும் பொருள்களை இதில் செய்வதைவிட, தலைமுறை கடந்து பெட்டியில் வைத்துக் காக்கப்படும் கொலுப் பொம்மை போன்றவற்றுக்கு இதைப் பயன்படுத்துவதே முறை என்று கூறலாம்.

வண்ணம் தீட்டுவதில் ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை. கதவுக்கும் சன்னலுக்கும் அடிக்கும் எனாமல் வண்ணமும், சில தெளிப்பான் பூச்சுகளும் இளக்கியோடு வினைபுரிந்து என்றைக்கும் காயாமல் பிசுபிசுத்துக் கிடக்கும், நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணங்களே இதற்குப் பாதுகாப்பானவை. அடர்நிறத்தை நீர்த்துப் பூசினால் அது பள்ளங்களில் தேங்கி நிழலாகும். ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெளிர்நிறம் தொட்டு மேடுகளைத் தடவினால் அவை ஒளி பெறும். பெரிய சிலையில் சூரியன் செய்யும் வேலையைச் சிற்றுருவத்தில் தூரிகை செய்தாக வேண்டும், ஏனெனில் அரை மில்லிமீட்டர்ப் பள்ளத்தில் விழும் இயற்கை நிழல் கண்ணுக்குப் போதாது.

ஒரே உருவத்தைப் பலவாக்கும் வழி தமிழ்நாட்டுக்குப் பழக்கமானது. பண்ருட்டியிலும் கடலூர் வண்டிப்பாளையத்திலும் கொலுப் பொம்மைகள் அச்சில் வார்க்கப்படுகின்றன. சிற்றுருவ உலகத்திலும் மூலவடிவம் ஒன்றைச் சிலிக்கோன் ரப்பரில் புதைத்து அச்செடுத்து, அதில் பிசினை ஊற்றிப் படிகள் எடுக்கிறார்கள். அச்சு வளைவதால் யாளியின் தந்தமும் வாலும் ஒடியாமல் வெளிவரும். மெழுகு உருகிப்போக, அச்சும் உடைபட்டு, ஒவ்வொன்றும் ஒற்றைப் படைப்பாக நிற்கும் சுவாமிமலைத் திருமேனியின் வழி இதற்கு எதிர்த்திசை. இப்போது கணினித் திரையிலேயே உருவத்தைச் செதுக்கி, ஒளிபட்டால் இறுகும் பிசினில் அடுக்கடுக்காக அச்சிடும் பொறிகள் வந்துவிட்டதால், விளையாட்டு நிறுவனங்களின் மூலவடிவங்கள் பெரும்பாலும் திரையில் பிறக்கின்றன. கையால் செய்வது இனி ஒரு தொழிலாக எவ்வளவு நிலைக்கும் என்பது வேறு கேள்வி. விரலின் அழுத்தத்தில் தசை புடைத்து எழுவதை உணர்வதற்குத் திரையில் ஈடு இல்லை என்பதை மட்டும் இரண்டையும் பழகியவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

யாளிக்கு இன்னும் ஒரு வேலை மீதியிருக்கிறது. சில கோயில்களில் யாளியின் வாய்க்குள், பற்களுக்குப் பின்னால், வெளியே எடுக்க முடியாத ஆனால் விரலால் உருட்டக்கூடிய கல் உருண்டை ஒன்று கிடக்கும். சிற்பி அதை வெளியிலிருந்து உள்ளே போட்டதில்லை. வாயைக் குடையும்போது அதே கல்லிலிருந்து உருண்டையைச் சிறிதுசிறிதாக விடுவித்து எடுத்தார். பாலிமர் களிமண்ணில் அதே களிமண்ணால் உருண்டை செய்து வைத்தால் சுடும்போது வாயோடு ஒட்டிக்கொள்ளும். எஃகில் பாலிமர் களிமண் ஒட்டுவதில்லை, ஆகவே தேய்ந்துபோன சிறிய பேரிங் ஒன்றைப் பிரித்து எடுத்த 2 மில்லிமீட்டர்க் குண்டைத் துடைத்து, கீழ்த்தாடையில் வைத்து, அதைச் சுற்றி நாக்கையும் பற்களையும் அமைத்து, குண்டு வெளியேற இயலாதபடி கோரைப்பற்களின் இடைவெளியைக் குறுக்கி, அதன்பின் அடுப்பில் வைக்கலாம். ஆறியபின் உருவத்தை மெல்லச் சாய்த்தால் குண்டு பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்கு உருளும். ஆலைகள் சூழ்ந்த இந்த வட்டாரத்தில் அந்தக் குண்டுக்குப் பஞ்சமில்லை.